ஏழு விநாடிக் கதவு

ரொறன்ரோவில் ஒரு கலைக்கூடத்தில் காவலாளியாக இருந்தபோது, சீனக் கலைஞர்களின் புகைப்படங்களும் வீடியோக்களும் மூன்று மாதம் காட்சிக்கு இருந்தன. எனக்குக் கிடைத்தது கடைசி இருட்டறை. சுவர் முழுக்க ஒரே வீடியோ. இடிக்கப்படப் போகும் ஒரு ஒடுங்கிய ஒழுங்கை வழியே, வீட்டு வாசல்களை ஒட்டி, யாரோ கமராவோடு சைக்கிளில் போகிறார். இருபது நிமிடத்தில் முடிந்து திரும்பத் தொடங்கும். எந்த மூலையில் நாய் குரைக்கும், எந்த வாசலில் முட்டைக்கோசு அடுக்கியிருக்கும் என்பதெல்லாம் ஒரே கிழமையில் எனக்குப் பாடமாகிவிட்டது.

"உதையே நாள் முழுக்கப் பாத்துக்கொண்டு நிக்க விசர் பிடிக்காதோ?" என்று மனைவி கேட்பாள்.

"நீரும் ஒருநாள் வந்து பாருமன்."

"எனக்கென்ன வேலை இல்லையோ?"

ஒரு செவ்வாய்க்கிழமை, என் வயதிருக்கும் சீனப் பெண் ஒருவர் தனியே வந்தார். பார்த்துக்கொண்டு நின்றவர் திடீரென்று தரையில் ஒட்டிய கோட்டைத் தாண்டிப் போய்ச் சுவரில் அப்போது தெரிந்த ஒரு பச்சைக் கதவின்மேல் கை வைத்துவிட்டார். ஓடிப்போய் "பிளீஸ்" என்றேன். கையை எடுத்தார், இடத்தை விட்டு நகரவில்லை. தன் மொழியில் ஏதோ சொன்னார். அவருடைய நிழல் பாதி ஒழுங்கையை மறைத்தது.

சனிக்கிழமை மகளோடு வந்தார். மகள் ஆங்கிலத்தில் விளக்கினாள். அந்தப் பச்சைக் கதவு அவர்களுடைய வீடு. மூடியபடி ஏழு விநாடி தெரியும். படம் எடுத்தது அவர்களுக்குத் தெரியாது. வெயிலைப் பார்த்தால் பகல் பதினொரு மணி இருக்குமாம். அந்த நேரம் உள்ளே சமைத்துக்கொண்டிருந்திருப்பேன் என்று அம்மா சொல்கிறாராம்.

நூறு தரமாவது அந்தக் கதவைப் பார்த்திருப்பேன். உள்ளே ஆள் இருக்கும் என்று நினைத்ததே இல்லை.

பிறகு ஒவ்வொரு செவ்வாயும் வந்தார். எனக்குத் தந்திருந்த மடக்குக் கதிரையை அவருக்கு விரித்துக் கொடுப்பேன். மேலாளர் கண்டுவிட்டுக் கேட்டபோது, அவருக்குக் கால் ஏலாது என்று பொய் சொன்னேன்.

காட்சி முடியும் கிழமைச் செவ்வாயன்று, நான் சொன்ன கதையைக் கேட்டு மனைவியும் வந்தாள், கையில் வடைப் பொட்டலத்தோடு. அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கதவு வந்ததும் அவர் மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினார். மனைவி தலையாட்டினாள். அடுத்த சுற்றுக்கும் நின்றாள். அதற்கடுத்த சுற்றுக்கும் நின்றாள்.

கூடம் பூட்டியதும் வெளிப்படியில் மூவரும் குளிரில் குந்தியிருந்து வடை தின்றோம். அந்தப் பெண் வடையிலிருந்த செத்தல் மிளகாயைக் கவனமாகத் தோண்டி எடுத்து, பிறகு அதையும் வாயில் போட்டுச் சிரித்தார். போகும்போது எங்கள் இருவரின் கையையும் சேர்த்துப் பிடித்தார். அதற்குப் பிறகு அவரை நான் காணவில்லை.

சப்வே ரயிலில் வீடு திரும்பும்போது, வடை சுற்றிய கடதாசியை மடித்தபடி மனைவி கேட்டாள்.

"இஞ்சருங்கோ, நாங்கள் வந்த புதுசிலை இருந்த பேஸ்மென்ற் வீட்டை ஒரு படமும் எடுக்கேல்லை, என்ன?"

"கமரா ஏது?"

"சிநேகிதற்றை கமரா இருந்தது. எடுத்து ஊருக்கு அனுப்பினதெல்லாம் ஆற்றையோ காருக்கு முன்னாலை நிண்ட படம்."

உண்மைதான். அந்தச் சிவப்புக் கார் யாருடையது என்று எங்களுக்கு இன்றைக்கும் தெரியாது. அந்த பேஸ்மென்ற்றின் மின்னடுப்பில் நாலு தட்டில் இரண்டுதான் சூடாகும் என்று அவள் சொன்னாள். மேல்வீட்டுப் பிள்ளைகள் ஓடினால் எங்கள் மின்குமிழ் ஆடும் என்றேன் நான். யன்னலால் ஆட்களின் சப்பாத்து மட்டுந்தான் தெரியும் என்றாள். சுவரின் நிறம் என்ன என்பதில் இருவருக்கும் சண்டை வந்தது. மஞ்சள் என்று நான் சொன்னேன். அவள் கடைசிவரை ஒத்துக்கொள்ளவே இல்லை.