பத்தாவது ஆள்

துபாயில் ஒரு யூதத் தொழுகைக்கூடத்தில் ஏசி பழுதுபார்க்கச் சென்றபோது அந்த முதியவரைக் கண்டேன். மும்பைக்காரர்; நரைத்த தாடி, உச்சந்தலையில் சிறு தொப்பி. மறைந்த மனைவியின் நினைவுநாள் வேண்டுதலைச் சொல்ல வந்திருந்தார். பத்து யூத ஆண்கள் கூடினால்தான் அதைச் சொல்லலாமாம். அவரையும் சேர்த்து ஒன்பது பேரே இருந்தனர். அவர் வாசலுக்குப் போய்ச் சாலையைப் பார்ப்பதும் திரும்புவதுமாக இருந்தார்.

"நான் வேணா நிக்கட்டுமா, பாய்?" என்று இந்தியில் கேட்டேன்.

"நீ நின்னா எனக்குத் தெம்புதான். ஆனா கணக்குல சேரமாட்டியேப்பா!" என்று சிரித்தார். "உன் ரூம்ல எத்தனை பேரு?"

"பன்னண்டு பேரு."

"கொடுத்து வச்சவன்."

நேரம் கடந்தது. சொல்லாத வேண்டுதலின் நூலை முத்தமிட்டு மூடினார். மற்றவர்கள் கலைந்தனர். நான் ஏணியை வண்டியில் ஏற்றும்போதும் அவர் வாசலில் நின்று சாலையையே பார்த்திருந்தார். யாருக்காக என்பது இன்றும் எனக்குப் புரியவில்லை.