ஒன்றரை அட்சரம்

என் அத்திம்பேர் கஸ்தூரிரங்கனின் வலது கை அவர் பேச்சைக் கேட்காது. எங்கே பாட்டுச் சத்தம் விழுந்தாலும் அது தொடைக்குப் போய்த் தாளம் போட ஆரம்பித்துவிடும். தொடை கிடைக்காவிட்டால் மேஜை. மேஜையும் இல்லாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தொடை. செங்கல்பட்டு கோர்ட்டில் அவர் ஹெட் கிளார்க். ஒருநாள் வாசலில் போன கல்யாண ஊர்வல நாயனத்துக்கு இவர் மேஜையில் தட்ட, உள்ளே விசாரணை நடத்திக்கொண்டிருந்த ஜட்ஜ், "யாரோ கதவைத் தட்டறா, வரச் சொல்லுங்கோ" என்றாராம். இதை அத்திம்பேரே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார்.

நான் அவருடைய மச்சினன் ஜானகிராமன். சிங்கப்பெருமாள் கோயில் என்கிற ஊரில் அவர் வீட்டுக்கு அடுத்த தெரு. எனக்குச் சங்கீதம் சுட்டுப்போட்டாலும் வராது. அதனாலேயே பாட்டு சம்பந்தமாக எங்கே போனாலும் என்னைத்தான் இழுத்துக்கொண்டு போவார். தெரிந்தவனைக் கூட்டிப் போனால் குறுக்கே பேசுவானாம்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் ஸ்ரீராம நவமிக்கு அவர் பெண் மதுவந்தி உள்ளூரில் பாடினாள். நல்ல குரல். ஆனால் பயம். பாதிப் பாட்டில் தாளம் தப்பிவிட்டது. மிருதங்கம் வாசித்த பாலசுப்ரமணியன் எங்கள் பக்கத்தில் பெரிய கை, கோபமும் பெரிசு. மேடையிலேயே மிருதங்கத்துக்கு உறையை மாட்டிக்கொண்டு, "தாளம் நிக்காத இடத்துல நான் நிக்க மாட்டேன்" என்று எழுந்துவிட்டார். மதுவந்தி வீட்டுக்கு வந்து தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டவள், மறுநாள்தான் எழுந்து வந்தாள்.

"அப்பா, ஐப்பசியில மாமல்லபுரத்துல பாடணும்னு ஒத்துண்டிருக்கேளே, அது ஒண்ணுதான். அங்கயும் தப்பினா நான் பாட்டையே விட்டுடறேன்."

பதினேழு வயசுப் பெண் அழாமல் சொன்னால் அதற்கு அர்த்தமே வேறு. அக்கா ரமா அன்றைக்குச் சாத்தமுதில் உப்புப் போட மறந்துபோனாள். அத்திம்பேர் மட்டும் துள்ளி எழுந்தார். "டேய் ஜானகிராமா, இவ காதுல பெரியவாளோட தாளம் ராப்பகலா விழுந்துண்டே இருக்கணும்டா. சட்டைப்பையில வெச்சுக்கற மாதிரி பாட்டுப் பெட்டி வந்திருக்காமே. கிளம்பு!"

கிளம்பினேன். தலையெழுத்து.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வெங்கடேசன் கடை. ரேடியோ, டார்ச் லைட், செல்போன் உறை, எல்லாம் உண்டு. புதிதாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏழெட்டு எம்பி3 பிளேயர்கள். அத்திம்பேர் பையிலிருந்து ஒரு சி.டி.யை எடுத்தார். ஒரு மகாவித்வானின் கச்சேரி. அவர் பெயரைச் சொல்லும்போது அத்திம்பேர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் சொல்வார். பாட்டு முழுக்க ஒரே மூச்சில் ஓடும், ஆனால் சி.டி.யில் மூன்று துண்டாக வெட்டி வைத்திருந்தார்கள்: ஆலாபனை ஒன்று, கீர்த்தனை ஒன்று, ஸ்வரம் ஒன்று.

"மூணையும் ஏத்தினா லேட்டாவும் சாரு. நடுவுல கீறத மட்டும் ஏத்தறேன், கேட்டுக்கினு சொல்லு" என்றான் வெங்கடேசன்.

அங்கேதான் சனி உட்கார்ந்தது. அப்போது யாருக்குத் தெரியும்?

அத்திம்பேர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். கை கண்ணாடிப் பெட்டிமேல் இறங்கியது.

"சாரு! சாரு! கண்ணாடி ஒடஞ்சிடப் போவுது! தாளத்த ஒந் தொடைல போடு சாரு."

முதல் பெட்டியில் தம்புரா காணோம் என்றார். இரண்டாவதில் தம்புரா இருந்தது, ஆனால் கொசு மாதிரி. மூன்றாவதில் மிருதங்கத்தின் இடப்பக்கம், தொப்பி என்பார்களே, அது தகரமாகக் கேட்டதாம். நாலாவது நன்றாக இருந்தது. இருந்தும் வித்வானுக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி இருக்கிறதென்று திருப்பிக் கொடுத்தார். வெங்கடேசன் என்னைப் பார்த்தான். நான் விட்டத்தைப் பார்த்தேன்.

இப்படிப் பத்து நாள். கோர்ட் விட்டதும் நேராகக் கடை. வெங்கடேசன் எங்களைத் தெருமுனையில் பார்த்தாலே டீ குடிக்கப் போய்விடுவான். ஒருநாள் பொறுமை போய், "அண்ணாத்த, உங்க மாமா பாட்டு கேக்க வந்துகினு கீறாரா, இல்ல பொண்ணு பாக்க வந்துகினு கீறாரா? பேஜாரா கீதுப்பா!" என்று என்னிடம் அலுத்துக்கொண்டான்.

கடைசியில் அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தான். கறுப்பு, தீப்பெட்டி அளவு. பார்க்கச் சகிக்காது. "அத்த ஒருத்தனும் சீந்தல சாரு. ரெண்டு வருசமா தூங்கிகினு கீது."

அத்திம்பேர் மாட்டிக்கொண்டார். கை ஆடியது. ஆடின கை சட்டென்று என் தோளைப் பிடித்து உலுக்கியது. கண்ணில் ஜலம். "தொப்பி கேக்கறதுடா ஜானகிராமா! தோலு! தோல் வாசனையே வரது!"

மூன்று துண்டையும் ஏற்றச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்தோம். வெங்கடேசன் கடைவாசலில் தேங்காய் உடைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அன்று ராத்திரியே அப்பாவும் பெண்ணும் ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கீர்த்தனை முடிந்து ஸ்வரம் தொடங்குகிற இடம். அத்திம்பேர் கை மேலே போனது. போனது அப்படியே நின்றது. முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி ஆயிற்று.

ஒரு துண்டு முடிந்து அடுத்த துண்டு தொடங்குவதற்குள் பெட்டி சற்று நின்றுவிட்டுப் போகிறது. பாட்டு அங்கே நிற்கக் கூடாது; தாளம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பத்து நாளும் ஒரே துண்டைக் கேட்டவருக்கு இரண்டு துண்டு சேரும் இடம் எப்படித் தெரியும்? தம்புராவைத் தேடினவர் தாளத்தைக் கோட்டைவிட்டார்.

மறுநாள் கடைக்கு ஓடினோம். வெங்கடேசன் ஒவ்வொரு பெட்டியாகப் போட்டுக் காட்டினான். எல்லாம் நின்றன. "அது மூச்சு வுடுது சாரு. நீயும் நானும் வுடறதில்ல?"

திரும்பி வரும்போது ரயிலில் அத்திம்பேர் அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போட்டு விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தார். பரனூர் தாண்டியதும் தலையை நிமிர்த்தினார். "அளந்துட்டேன்டா. தாளத்துல சரியா ஒண்ணரை அட்சரம், ஒண்ணரை எண்ணிக்கை, நிக்கறது. எத்தனை தடவை போட்டாலும் அதே ஒண்ணரை. இந்தப் பெட்டிக்கு வியாதிகூட சுத்தமா இருக்கு, பாரேன்!" மனுஷர் அதற்கும் சந்தோஷப்பட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு விதி. கேட்கும்போது அந்த இடத்தில் கையைத் தூக்கி ஒன்றரை எண்ணிக்கை அந்தரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சத்தம் வந்ததும் போட வேண்டும். "கேக்கறச்சே மட்டும்தான் மது. மேடையில நிக்கப்படாது. இது மெஷினோட வியாதி, நமக்கு ஒட்டிக்கப்படாது" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொன்னார். அவளும் நாற்பது தடவை "சரிப்பா" என்றாள். ஆறு மாசம் இந்தக் கூத்து. அக்கா வெண்டைக்காய் நறுக்கும்போதுகூட அந்த இடத்தில் கத்தி நின்று போனதை நானே பார்த்திருக்கிறேன்.

ஐப்பசி வந்தது. மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயிலில் பூதத்தாழ்வார் உத்ஸவம். சாயங்காலம் நாலு மணிக்குக் கச்சேரி. பாலசுப்ரமணியன் வீட்டுக்கு நான்தான் நடையாய் நடந்து சம்மதிக்க வைத்தேன். "இதுதான் கடைசி. இன்னொரு தடவை தப்பினா அந்தப் பொண்ணு இருக்கற பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

முன்வரிசை நடுவில் அத்திம்பேர், பக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க்கோடு அக்கா, அப்புறம் நான். பின்னால் ஊர்க்காரர்கள், தூணுக்குத் தூண் சாய்ந்துகொண்டு ஏழெட்டு வெள்ளைக்காரர்கள். மதுவந்தி மேடையில் உட்கார்ந்ததும் முதலில் அப்பாவைத்தான் பார்த்தாள். அவர் கை தொடையில் விழுந்தது. அவள் கையும் விழுந்தது. இரண்டு கையும் ஒரே கைபோல ஆட, அவள் பாடினாள் பாருங்கள், எனக்கே ஏதோ புரிகிற மாதிரி இருந்தது. பாலசுப்ரமணியன் இரண்டு தடவை "பேஷ்" என்றார்.

பிறகு அந்தக் கீர்த்தனை. சரணம் முடிந்தது. இனி ஸ்வரம்.

அத்திம்பேர் கை மேலே போனது. நின்றது.

நாற்பது தடவை சொன்ன மனுஷர்! பெண்ணுக்கு ஒட்டக் கூடாது என்று காவல் காத்தவர், தனக்கு ஒட்டிக்கொண்டதைக் கவனிக்கவில்லை. அக்கா "ஏன்னா!" என்று பல்லைக் கடித்தாள். நான் மேடையைப் பார்த்தேன். மதுவந்தியின் கையும் காற்றில் நின்றிருந்தது. பாலசுப்ரமணியன் அடிக்க ஓங்கின விரல்கள் ஓங்கினபடியே இருக்க, அவளை முறைத்தார். வயலின் வில் தொங்கிற்று. வெளியே கடலைக்காரன் கரண்டியால் சட்டியைத் தட்டுவது கேட்டது.

ஒன்றரை எண்ணிக்கை. இரண்டு கையும் ஒன்றாக விழுந்தன. அவள் ஸ்வரத்தைப் பிடித்தாள், அவர் மிருதங்கத்தில் இறங்கினார், வெள்ளைக்காரர்கள் இது ஏதோ வித்தை என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

கச்சேரி முடிந்ததும் பாலசுப்ரமணியன் உறையைக்கூட மாட்டாமல் நேரே வந்தார். அத்திம்பேர் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்போல நின்றார். "என்மேலதான் தப்பு. நான்தான் நிறுத்தினேன். குழந்தையை ஒண்ணும் சொல்லாதேயும்."

"நீர் சும்மா இரும் ஓய்." அவர் மதுவந்தியிடம் திரும்பினார். "அங்க ஏன்டி நின்னே? மறந்துபோச்சா?"

"மறக்கலை மாமா. அங்க நிக்கப்படாதுன்னு தெரியும்."

"தெரிஞ்சுண்டா நின்னே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அப்பா கை மேலயே நின்னுடுத்து. அத்தனை பேருக்கு நடுவுல அப்பாவைத் தப்பாக்கிட்டு நான் மட்டும் எப்படி மாமா போறது?"

அத்திம்பேர் விம்மி விம்மி அழுதார். கோயில் மண்டபம் என்றும் பார்க்கவில்லை, ஹெட் கிளார்க் என்றும் பார்க்கவில்லை.

பாலசுப்ரமணியன் கனைத்துக்கொண்டார். "தாளம் தப்பறவளால இப்படி நின்னுட்டுச் சரியா இறங்க முடியாது. தை மாசம் கோவளம் பக்கத்துல எனக்கு ஒரு கச்சேரி இருக்கு, இவ பாடட்டும். ஆனா ஓய், நீர் வரப்படாது."

"வரலை. வாசல்ல நின்னுக்கறேன்."

"அப்பா எதிர்ல இல்லேன்னா நான் பாட மாட்டேன்" என்றாள் மதுவந்தி.

பாலசுப்ரமணியன் தலையில் அடித்துக்கொண்டார். "சரி, வந்து தொலையட்டும். அந்தக் கையை யாராவது பிடிச்சு வெச்சுக்கோங்கோ!"

"அதுக்கு நானாச்சு" என்றாள் அக்கா.

இன்றுவரை மதுவந்தி எங்கே பாடினாலும் முன்வரிசையில் பார்க்கலாம். அத்திம்பேரின் வலது கையை அக்கா தன் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டிருப்பாள். இந்த வயசிலும் என்ன அந்நியோன்னியம் என்று சபையில் பேசிக்கொள்கிறார்கள். நான் யாரையும் திருத்துவதில்லை.