கடையில் தேன், வீட்டில் ரம்பம்

போன வாரம் எனக்குக் காது போய்விட்டது.

சிரிக்காதீர்கள். நாற்பத்தொன்பது வயதில் ஒரு மனிதன் அப்படி நம்பிவிட்டால் அவன் படும் பாடு அவனுக்குத்தான் தெரியும். நம்பியதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை... பதறிப்போய் ஒரு போன் வேறு செய்து தொலைத்தேன்.

எல்லாம் ஒரு ஹெட்போனால் வந்த வினை.

கிள்ளானில் வருஷா வருஷம் ஒரு பாட்டுப் போட்டி நடக்கும். ஒன்பது வருஷமாக அதற்குத் தலைமை நீதிபதி அடியேன்தான். முதல் சுற்றுக்குப் பிள்ளைகள் கேசட்டில் பாடி அனுப்புவார்கள். நான் அவற்றைக் கேட்டு, இறுதிச் சுற்றுக்குப் பத்துப் பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இவ்வளவு பெரிய பொறுப்பில் இருப்பவன் சாதாரண ஹெட்போனிலா கேட்பது? கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சிவம் அண்ணனின் ஆடியோ கடைக்குப் போனேன். உயர்ந்த ரகமாக ஒன்று வாங்கினேன். விலையைச் சொல்ல மாட்டேன். இந்தப் பத்தியை என் மனைவியும் படிக்கிறாள்.

கடையில் போட்டுக் கேட்டபோது சொக்கிப்போனேன். பாடகி மூச்சு இழுப்பது கேட்கிறது. வயலினில் வில் உரசுவது கேட்கிறது. தேன் என்றால் தேன்!

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதற்குச் சட்டை போட்டேன்.

எங்கள் வீட்டு வழக்கம் அது. சோபாவுக்கு மேல் கடையில் போட்டுத் தந்த பிளாஸ்டிக், வாங்கி மூன்று வருஷமாகியும் அப்படியே இருக்கிறது. காரின் சீட்டிலும் அப்படியே. டிவி ரிமோட்டைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு ரப்பர் பேண்ட் கட்டியிருக்கிறோம். ஹெட்போனுக்கு மட்டும் ஓரவஞ்சனை செய்யலாமா? காதில் பதிகிற இரண்டு மெத்தைகளும் நல்ல வெல்வெட் துணி. என் தலையிலோ தேங்காய் எண்ணெய். விட்டால் ஒரே வாரத்தில் வெல்வெட் வெண்டைக்காய் ஆகிவிடும். அதனால் சாப்பாட்டுக் கடையில் தேத்தண்ணி கட்டிக் கொடுப்பார்களே, அந்தப் பிளாஸ்டிக் பை இரண்டை எடுத்து மெத்தைகளுக்கு இழுத்து மாட்டினேன். சத்தம் வருவதற்கு நடுவில் வட்டமாக ஓட்டையும் வெட்டினேன். நான் ஒன்றும் முட்டாள் இல்லை.

முதல் கேசட்டைப் போட்டேன். ஒரு பெண் பிள்ளை 'சரஸ்வதி' என்று பாட ஆரம்பித்தது.

ஐயோ!

அந்த 'ஸ்' இருக்கிறதே... தகரத்தை ரம்பத்தால் அறுப்பதுபோல் காதுக்குள் போனது. தாளம் தட்டினால் ஊசி குத்துகிறது. புல்லாங்குழல் பிரஷர் குக்கர் போலக் கூவுகிறது. கீழ் ஸ்தாயி, மிருதங்கத்தின் அடித்தொண்டை எல்லாம் எங்கோ காணாமல் போய்விட்டன. அடுத்த கேசட்... அதே ரம்பம். சரி, பிள்ளைகளின் கேசட் மட்டம் என்று சிடி போட்டேன். கடையில் கேட்ட அதே பாடகிக்கு இப்போது பற்களுக்கு நடுவே காற்று வீசியது.

செட்டில் கீச்சுச் சத்தத்துக்கான ட்ரெபிள் குமிழைப் பாதியாகக் குறைத்தேன். பாடகி கம்பளிக்குள் புகுந்துகொண்டாள். ரம்பமும் கூடவே கம்பளிக்குள் போய் அங்கிருந்து அறுத்தது.

மறுநாள் சிவம் அண்ணன் கடைக்குக் கிளம்பினேன். பிளாஸ்டிக்கைக் கழற்றி வைத்துவிட்டுத்தான். அவ்வளவு ஒசத்தியான பொருளைத் தேத்தண்ணிப் பையில் சுற்றியிருப்பதை அந்த மனுஷன் பார்த்தால் என்ன நினைப்பார்? துடைத்து, பெட்டியில் புதுசுபோல அடுக்கிக் கொண்டுபோனேன்.

"அண்ணே, இது டூப்ளிகேட்டா?" என்றேன், கடையில் நாலு பேர் நிற்கும்போதே.

சிவம் அண்ணன் அதை வாங்கித் தன் காதில் மாட்டினார். கண்ணை மூடினார். பிறகு என் தலையில் மாட்டிவிட்டார். தேன்!

"இப்ப என்னா பாஸ் சொல்றீங்க?"

"வீட்டுல இப்படி இல்லண்ணே."

"அப்ப செட்டைப் பாருங்க லா."

இரண்டு நாள் கழித்து சிடி பிளேயரையும் ஆம்பிளிபையரையும் காரில் ஏற்றிக்கொண்டு ஃபெடரல் ஹைவே நெரிசலில் ஊர்ந்து மறுபடியும் போனேன். ஹெட்போன் வழக்கம்போல சட்டை கழற்றி, பெட்டியில். கடையில் எல்லாவற்றையும் பூட்டிக் கேட்டோம். தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து, சட்டையை மாட்டிக் கேட்டேன். ரம்பம்.

செட் சரி. ஹெட்போன் சரி. வயர் சரி. பாக்கி இருப்பது என்ன? எங்கள் வீட்டுக் கரண்ட்டும் என் காதும்தான். கரண்ட்டைச் சந்தேகப்பட்டு ஃபிரிட்ஜை நிறுத்திப் பார்த்தேன். ஐஸ்கிரீம்தான் உருகியது.

மனைவி சரோஜாவைக் கூப்பிட்டு மாட்டிவிட்டேன்.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தானே பாடுது புள்ள!"

"காது குத்தலியா உனக்கு?"

"எனக்கு ஏழு வயசுலயே குத்திட்டாங்க. என்னாங்க நீங்க... அடுப்புல கறி இருக்கு, விடுங்க."

முடிந்தது. அவளுக்குக் குத்தவில்லை, எனக்குக் குத்துகிறது. அப்படியென்றால் கோளாறு எங்கே? எங்கள் ஆபீசில் ஒருவருக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் கூர்மையான சத்தம் கூசும், பிறகு எதுவுமே கேட்காது. சரி, கடையில் மட்டும் ஏன் நன்றாகக் கேட்டது? அதற்கும் காரணம் கண்டுபிடித்தேன்... ரோட்டு இரைச்சலில் காதின் குறை வெளியே தெரியவில்லை! பீதியடைந்த மூளை எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்கிறது பாருங்கள்.

பழுதான காதை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குத் தீர்ப்புச் சொல்வது பாவமில்லையா? போட்டிச் செயலாளர் கணேசனுக்குப் போன் போட்டேன்.

"தம்பி, எனக்குக் காது கொஞ்சம் சரியில்ல. இந்த வருஷம் வேற ஆளைப் பாத்துக்குங்க."

"அடடா! உடம்பைப் பாத்துக்குங்கண்ணே. நான் கமிட்டியில பேசிட்டுச் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் கார் நின்றது. சிவம் அண்ணன்! கடையில் நாலு பேர் முன்னால் நான் சொன்ன 'டூப்ளிகேட்' அவரைத் தூங்கவிடவில்லையாம்.

"ரெண்டு தடவை நீங்க வந்தீங்க. இப்ப நான் வந்திருக்கேன். உங்க வீட்டுல எப்படிக் கேக்குதுன்னு நான் பாத்தே ஆகணும் பாஸ்."

சோபாவில் உட்கார்ந்தார். பிளாஸ்டிக் கீச்சென்று கத்தியது. வெயிலில் வந்தவர், முதுகு அதில் ஒட்டிக்கொண்டது. பிய்த்துக்கொண்டு முன்னால் நகர்ந்தார். நான் பக்தியோடு ஹெட்போனை எடுத்து நீட்டினேன்.

வாங்கியவர் அப்படியே நிறுத்தினார்.

"இது என்னா பாஸ்?"

"அது... எண்ணெய் படக்கூடாதுன்னு..."

"கடைக்கு வரும்போது இது இல்லியே?"

"கழட்டிட்டுத்தான் வந்தேன்."

"ரெண்டு தடவையும்?"

"ரெண்டு தடவையும்."

அவர் பிளாஸ்டிக்கோடு ஒரு நிமிஷம் கேட்டார். முகம் எலுமிச்சை கடித்தது. பிளாஸ்டிக்கை உருவிப் போட்டுவிட்டு மறுபடி கேட்டார். முகம் தேன் குடித்தது. என் தலையில் மாட்டினார். 'சரஸ்வதி' என்றது பிள்ளை... குழந்தைக் குரலில், பட்டுப் போல.

"பாஸ், துணி மெத்தை எதுக்கு வச்சிருக்கான்? கூர்மையான சத்தத்தை அது குடிச்சிடும். நீங்க பிளாஸ்டிக் போட்டா அது குடிக்காது, திருப்பி அடிக்கும். மடிப்பு மடிப்பா இருக்குல்ல, அந்த இடுக்கு வழியா பேஸ், அந்த அடிச்சத்தம் பூரா ஓடிடும். மிச்சம் ட்ரெபிள்தான்!"

சமையலறை வாசலில் சரோஜா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தோள் மட்டும் குலுங்கியது.

யோசித்துப் பாருங்கள். அரும்பாடுபட்டு ஒன்றை வாங்குகிறோம். நாம் உட்காருவது பிளாஸ்டிக்கில், அழுத்துவது பிளாஸ்டிக்கை, கேட்பதும் பிளாஸ்டிக்கை. உள்ளே இருக்கும் பொருள் யாருக்காக? அடுத்து அதை வாங்கப்போகிற ஆளுக்காகவா? சிவம் அண்ணனிடம் நாலு பேர் முன்னால் சொன்னதற்கு, ஒரு ஆள் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். மிச்சம் மூன்று பேருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிட்டேன்.

அவர் கிளம்பியதும் போனுக்குப் பாய்ந்தேன். நீதிபதி நாற்காலி போய்விடக் கூடாதே!

"கணேசன் தம்பி! காது சரியாயிடுச்சு! நல்லாவே கேக்குது. நானே வரேன்!"

மறுமுனையில் கணேசன் இழுத்தார்.

"அண்ணே... கமிட்டியில வேற ஆளைப் போட்டுட்டோம்ணே. லெட்டர்கூடக் குடுத்தாச்சு."

"அதனால என்ன தம்பி, அவர்கிட்ட நான் பேசுறேன்..."

"வேணாம்ணே, வேணாம்! நீங்க ரெஸ்ட் எடுங்க. ஒம்போது வருஷம் உழைச்சிட்டீங்க. ரெண்டு வருஷமாவே கமிட்டியில பேசிக்கிட்டு... இல்ல, ஒண்ணுமில்லண்ணே. நீங்களா முன்வந்து சொன்னீங்களே, அது பெரிய மனசு."

போனை வைக்கும் முன் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு... நிம்மதிப் பெருமூச்சு. போனைக் கையால் பொத்திக்கொண்டுதான் விட்டார் போல, பாவம்.

தெள்ளத் தெளிவாகக் கேட்டது. என் காதுக்கு ஒரு குறையும் இல்லை.