வாசல் பக்கத்து மேசை

மத்திகிரி மாட்டுப்பண்ணைக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் வெங்கடம்மாளுக்கு ஓட்டல்காரி என்று பேர். அவள் ஓட்டல் எதுவும் வைத்திருக்கவில்லை. ஒசூரில் எங்கே புதுசாக ஓட்டல் திறந்தாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை புருஷன் கங்கப்பனை இழுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறிவிடுவாள், அவ்வளவுதான்.

குந்தாரப்பள்ளிப் பக்கம் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டுக்குக் கூலிக்குப் போய்விட, கூடப்பிறந்ததுகளுக்குக் களி கிண்டிப் போட்டாள். கல்யாணமாகி மாமியார் வீட்டில் ஒரு கும்பலுக்கே கிண்டினாள். கங்கப்பனுக்குக் கம்பெனி வேலை கிடைத்து மத்திகிரிக்கு வந்தபிறகு ஷிப்டுக்கு ஷிப்ட் நேரம் மாற்றிக் கிண்டினாள். இரண்டு பிள்ளை பெற்றபிறகுதான் முதல் தடவையாக ஓட்டலில் உட்கார்ந்தாள். ஒருத்தன் தண்ணீர் டம்ளரை வைத்து, "இன்னா வேணும்மா?" என்று கேட்டான். அதுவரை அந்தக் கேள்வியை அவள்தான் எல்லோரிடமும் கேட்டிருந்தாள்.

தோசை முடிந்ததும் கங்கப்பன் எழுந்தான். "போலாம் வாமே."

"காபி வரட்டும். வீட்ல அடுப்பா எரியுது?"

அன்றைக்குப் பிடித்த பழக்கம் விடவில்லை. எண்பதுகளின் நடுவில் அது. கம்பெனிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. வேலைக்கு வந்த வெளியூர்ப் பையன்களுக்காக வாரம் ஒரு சாப்பாட்டுக்கடை முளைத்தது. திங்கட்கிழமை காலையில் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு வெங்கடம்மாள் தீர்ப்பு சொல்வாள். பஸ் ஸ்டாண்டு எதிரில் திறந்த கடையைப் பற்றி, "சாம்பாரா அது? பாயசத்துல முருங்கக்காய் போட்டு வெச்சிருக்கான்" என்றாள். அந்த மாதம் முழுக்க வரிசை வீட்டுக் குடும்பம் ஒன்றுகூட அந்தக் கடையில் நுழையவில்லை.

புளி மண்டித் தெருவுக்கு மட்டும் பெண்கள் போகமாட்டார்கள். மண்டி வேறு இடத்துக்குப் போனபிறகு அங்கே வெறும் குடோன்கள்தான் இருந்தன. நாய் படுத்துக் கிடக்கும். இப்போது ஒரு குடோனில் பரோட்டாக் கடை, ஒன்றில் பார், கடைசியில் இருந்த பெரிய குடோனில் சனிக்கிழமை சாயங்காலம் டிக்கெட் வைத்துத் தெருக்கூத்து. வெங்கடம்மாள் அதையும் விடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து, "விடிய விடிய ஆடறத சினிமா மாதிரி ரெண்டு மணி நேரத்துல முடிச்சிட்டான். துரியோதனன் செத்தானா, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டானான்னே தெரியல. ஆனா வேஷம் பிரமாதம். போய்ப் பாருங்க" என்றாள். நான்கு பேர் போய்ப் பார்த்தார்கள்.

அந்தத் தெருவில்தான் அவள் தங்கச்சி சாந்தம்மாவும் புருஷன் ராமப்பனும் ஓட்டல் திறந்தார்கள். ஊரில் இருந்த ஏர் மாட்டை விற்று, குத்தகை நிலத்தை விட்டுவிட்டு வந்தவர்கள். ஓட்டல் ஓடாவிட்டால் மறுபடியும் கூலிக்குத்தான் போகவேண்டும். கம்பெனிப் பையன்களைப் பரோட்டாக் கடைக்காரன் ஏற்கெனவே வளைத்துப் போட்டிருந்தான். குடும்பங்கள் வந்தால்தான் பிழைக்கலாம் என்ற நிலை.

சாந்தம்மா வீட்டுக்கே வந்துவிட்டாள். "அக்கா, நீ ஒரு நாளு வந்து சாப்புட்டுட்டு, குழாயடியில ஒரு வார்த்த சொல்லு. அது போதும்."

"நல்லா இருந்தா சொல்றேன்."

"நல்லா இல்லாட்டி?"

"அதையுந்தான் சொல்வேன்."

"கூடப்பிறந்தவதான நீ?" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள் தங்கச்சி.

ஞாயிற்றுக்கிழமை போனார்கள். ராமப்பன் கும்பிட்டு, "அக்கா, உங்கள மாதிரி குடும்பப் பொம்பளைங்களுக்குன்னே தனி ரூம்பு கட்டியிருக்கறேன். திரைகூட போட்டாச்சு" என்றான். ஆம்பளைகள் சாப்பிடும் இடத்தைத் தாண்டிப் பெண்கள் நடக்கக்கூடாதென்று, கடையின் கோடியில் அறை. பக்கத்துச் சந்து வழியாகத் தனி வாசல். மரியாதையாகத்தான் யோசித்திருந்தான். ஆனால் சந்தின் அந்தப் பக்கம் பார். உள்ளே இடம் போதாமல் வெளியே சோடாப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தன் காலை மடக்கி வழிவிட்டு, "வாங்கக்கா, எங்ககூட உக்காருங்க" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். கங்கப்பன் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான்.

களி பதமாக இருந்தது. கோழிக்குழம்பு, அவள் அம்மா வைக்கிற அதே காரம். இலையை மூடும்போது சாந்தம்மா திரையைப் பிடித்துக்கொண்டு அக்காவின் வாயையே பார்த்தாள். வெங்கடம்மாள் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மறுநாள் குழாயடியில் பக்கத்து வீட்டு ராஜாத்திதான் ஆரம்பித்தாள். "தங்கச்சி ஓட்டல் எப்படிக்கா?" மற்றவர்களும் குடத்தை வைத்துவிட்டுக் காதைத் தீட்டினார்கள்.

"களி நல்லா இருக்குது. கறி நல்லா இருக்குது. யாரும் போவாதீங்க."

அந்தப் பேச்சு மதியத்துக்குள் புளி மண்டித் தெருவுக்குப் போய்விட்டது. சாயங்காலம் சாந்தம்மா புருஷனையும் இழுத்துக்கொண்டு வந்து நின்றாள். "எம் பொழப்புல மண்ணப் போட்டுட்டியே! உனுக்கு வயிறு எரியுதுன்னா நேரா சொல்லிட்டுப் போவவேண்டியதுதான?"

"வயிறு ரொம்பித்தான் வந்தேன். குடிகாரன் காலத் தாண்டிப் போயி சாப்புடச் சொன்னா எவடி வருவா? நானே வந்திருக்க மாட்டேன், உம் மூஞ்சிக்காவ வந்தேன்."

"மறைவா இருக்கட்டும்னுதான்க்கா..." என்று இழுத்தான் ராமப்பன்.

"யாருக்கு மறைவு? சோறு திங்கறதுக்கு இன்னாத்துக்கு மறைவு? அந்தத் திரையக் கழட்டிப் பாத்திரம் தொடைக்க வெச்சிக்க. ரெண்டு மேசையத் தூக்கி வாசல்ல, தெரு தெரியற மாதிரி போடு. சந்து வாசல அடச்சிடு."

"தெருவே பாக்கற மாதிரி பொம்பளைங்க உக்காந்து சாப்புடுவாங்களா? காறித் துப்புவாங்க" என்றான் ராமப்பன்.

"சனிக்கிழம போடு. நான் உக்கார்றேன்."

கங்கப்பன் உள்ளேயிருந்து, "நானுமா?" என்று கேட்டான்.

"நீங்க வேணும்னா சந்துல உக்காருங்க."

சனிக்கிழமை கூத்துக்குக் கூட்டம் சேரும் நேரம். வாசல் பக்கத்து மேசையில் வெங்கடம்மாள் நல்ல புடவை கட்டிக்கொண்டு தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள். கங்கப்பன் எதிரில், தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பாரிலிருந்து வந்த ஒருத்தன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "இன்னா பாக்கறே? களி திங்கறத பாத்ததே இல்லியா? உள்ள வா, உங்கூட்டுக்காரியையும் கூட்டிக்கினு வா" என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர்ப்பக்கத்து நடைபாதையில் ஏறிக்கொண்டான். உருண்டையைக் கிள்ளி, குழம்பில் தோய்த்து, நிதானமாக விழுங்கினாள். தண்ணீர் டம்ளரை எடுத்தவள் குடிக்காமலே திரும்ப வைத்தாள். அதைக் கங்கப்பன் பார்த்துவிட்டு, நாற்காலியைத் திருப்பித் தெருவைப் பார்க்க உட்கார்ந்தான்.

எதிரே டிக்கெட் வரிசையில் ராஜாத்தி, புருஷன், பிள்ளைகளோடு நின்றிருந்தாள். இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசை நகர்ந்தது, அவள் நகரவில்லை. பின்னால் நின்றவர் திட்டியபிறகு சின்னதை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டி வந்து, பக்கத்து மேசையில் உட்கார்ந்தாள்.

"யக்கா, போவாதீங்கன்னு நீதான சொன்ன?"

"அது திங்கக்கிழம சொன்னது. சாந்தம்மா, இவங்களுக்கு எல போடு." பிறகு தெருவுக்கே கேட்கிற குரலில், "குழம்புல இன்னிக்கி உப்பு பத்தல" என்றாள்.

சாந்தம்மா முறைத்தாள். ஆனால் உள்ளே போய் உப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து, முதலில் ராஜாத்தி மேசையில் வைத்துவிட்டு, அப்புறம்தான் அக்காவிடம் வந்தாள்.