ரோடா சேர்த்துச் சொன்ன வார்த்தை

யூக்கான் ஆறு பெரிதாக வளைந்து திரும்பும் இடத்தில் மேக்னஸ் ஹல்க்ரோ தோல் வாங்கிச் சரக்கு விற்கும் கடை போட்டதால் ஊருக்கே ஹல்க்ரோ துறை என்று பெயர் வந்துவிட்டது. அதற்கு முன்னால் அந்த இடத்துக்கு அங்கே வாழ்ந்த அத்தபாஸ்கன் பழங்குடிகள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. மேக்னஸுக்கு அது வாயில் நுழையவில்லை. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஏதோ தீவிலிருந்து தங்கம் தேடி வந்த மனிதர். தங்கம் கிடைக்கவில்லை, ஹெஸ்டர் கிடைத்தாள். அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். அவர்களுக்கு ஒரே மகள், ரோடா.

அந்த வீட்டில் இரண்டு பந்தி. முன்னறை மேசையில் அப்பா உப்புப் போட்ட ஓட்ஸ் கஞ்சி குடிப்பார். பின்னறைத் தரையில் அம்மாவும் அவளுடைய சனங்களும் உட்கார்ந்து சால்மன் கருவாட்டை மூஸ் மான் கொழுப்பில் தொட்டுத் தின்பார்கள். ரோடா இரண்டு இடத்திலும் சாப்பிட்டு வளர்ந்தாள். வயிறு நிறைந்ததே தவிர, எது தன் இடம் என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

வீடு சண்டை சச்சரவில்லாமல் ஓடியது ஹெஸ்டரின் வாயால்தான்.

"இந்தத் தோலெல்லாம் அழுகிப்போச்சுன்னு அந்தச் சோம்பேறிகிட்ட சொல்லு" என்பார் மேக்னஸ்.

ஹெஸ்டர் தன் அண்ணன் பக்கம் திரும்பி, "இந்த வருஷக் குளிர் உன்னை ரொம்பப் படுத்திருச்சோன்னு கேக்குறாரு" என்பாள்.

"இந்தச் சிவத்த கரடி எப்பத்தான் செத்துத் தொலையும்?" என்பார் அண்ணன்.

"நீங்க நல்லா இருக்கணும்னு சொல்றார்" என்று புருஷனிடம் சொல்வாள்.

இருவரும் மரியாதையாகத் தலையாட்டிக்கொள்வார்கள். டீ வரும். இரண்டு மொழியும் புரிந்த சின்ன ரோடா கடை மூலையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். ஒருவர் பேசுவதை இன்னொருவருக்குச் சொல்வதென்றால் இப்படித்தான், முள்ளை எடுத்துவிட்டு மீனைக் கொடுப்பதுபோல, என்று அவள் மனதில் பதிந்துவிட்டது.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு ரோடா கடையை நடத்தினாள். கல்யாணம் அமையவில்லை. டவுனுக்குப் போனால் ஓட்டலில் சமையலறைக் கதவுக்குப் பக்கத்து நாற்காலியைத்தான் காட்டுவார்கள். ஊரிலோ, மேளம் கொட்டி ஆடும் நாளில் அவள் நுழைந்ததும் விருந்தாளிக்கு ஒதுங்குவதுபோல எல்லோரும் ஒதுங்கி இடம் விடுவார்கள். 'ரெண்டு நாக்கு ரோடா' என்று கேலியாகப் பேர் வைத்திருந்தார்கள்.

தபித்தா மட்டும் அவளை ஒரு நாளும் விருந்தாளியாக நடத்தியதில்லை. தபித்தா அவளுடைய சித்தி மகள். தாய்வழியில் குலம் பார்க்கும் ஊரில் அது கூடப் பிறந்த தங்கைதான். "உன் பாதி வெள்ளைக்கு இந்தத் துண்டு போதும், மீதிப் பாதிக்கு இன்னொண்ணு எடுத்துக்கோக்கா" என்று சொல்லிக் கறியை அள்ளி வைப்பாள். தபித்தாவின் புருஷன் டைட்டஸ் காட்டில் பொறி வைத்துப் பிழைப்பவன். அதிகம் பேசமாட்டான். ரோடாவின் கடைக்கு விறகு தீரும் முன்பே கொண்டுவந்து போட்டுவிடுவான். அவர்களுக்கு மைரா என்று ஆறு வயதில் ஒரு பெண்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு கோடையில் அரசாங்க மருத்துவப் படகு எக்ஸ்ரே மெஷினோடு வந்தது. ஊரில் பாதிப் பேருக்கு இருமல். டைட்டஸ் அப்போது ஆற்றின் மேல்பக்கம் மீன்பிடி முகாமில் இருந்தான். மைராவைத் தூக்கிக்கொண்டு தபித்தா படகுக்கு வந்தாள். ஏறும்போதே ரோடாவின் காதில், "எதுனா தப்பாச் சொன்னாங்கன்னா இவளைத் தூக்கிட்டு டைட்டஸோட காட்டுக்குள்ள போயிருவேன். எவனும் கண்டுபிடிக்க முடியாது" என்றாள்.

டாக்டர் ஃபெரிஸ் சின்ன வயசுக்காரர். நான்கு நாளாகத் தூங்காத முகம். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"இடது நுரையீரல்ல காசநோய் நல்லாப் பிடிச்சிருக்கு, மிஸ் ஹல்க்ரோ. தெற்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். ரெண்டு வருஷம் ஆகலாம், நாலும் ஆகலாம். திரும்பி வருவாள்னு என்னால உறுதி சொல்ல முடியாது. அம்மா கூடப் போக இடமில்லை. இங்கேயே வச்சிருந்தா அடுத்த கோடையைப் பார்க்கமாட்டா. இதை அப்படியே அவங்ககிட்ட சொல்லுங்க."

"என்னக்கா சொல்றாரு?" என்று தபித்தா கேட்டாள். "எப்பத் திரும்பி வருவா?"

ரோடா குழந்தையைப் பார்த்தாள். கன்னத்தில் காய்ச்சலின் கெட்ட சிவப்பு. தபித்தாவின் கால் ஏற்கனவே கரைப்பக்கம் திரும்பியிருந்தது.

"ஒரே ஒரு குளிர்காலந்தான்" என்றாள் ரோடா. "ஆத்துல பனி உடைஞ்சதும் முதப் படகுல வந்துருவா."

தபித்தா வெகுநேரம் குழந்தையின் தலையை முகர்ந்தபடி நின்றாள். பிறகு நர்சிடம் கொடுத்தாள்.

"எல்லாம் சொல்லிட்டீங்களா?" என்றார் டாக்டர்.

"சொல்லிட்டேன்."

அடுத்த ஆண்டு பனி உடைந்தது. தபித்தா வீட்டைக் கழுவித் துடைத்து, புதுத் துணி கட்டிக்கொண்டு கரையில் போய் நின்றாள். படகிலிருந்து மாவு மூட்டை இறங்கியது, மண்ணெண்ணெய் இறங்கியது. மைரா இறங்கவில்லை.

"அடுத்த படகா இருக்கும்" என்றாள் ரோடா.

அடுத்த படகிலும் இல்லை. அந்தக் கோடை முழுக்க ஒவ்வொரு படகுக்கும் தபித்தா வந்தாள். ஒவ்வொரு முறையும் ரோடா ஏதாவது சொல்லி அனுப்பினாள். உடம்பு தேறிக்கொண்டிருக்கிறதாம், தெற்கே மழையாம், கப்பல் தாமதமாம். முதல் பொய்யைச் சொல்லும்போது குழந்தையின் உயிர் கண்முன்னால் இருந்தது. இந்தப் பொய்களைச் சொல்லும்போது தன் மானம் மட்டுமே இருந்தது. அந்த வித்தியாசம் ரோடாவுக்குத் தெரிந்தே இருந்தது.

கோடை கழிந்ததும் தபித்தா காத்திருப்பதை விட்டாள். திட்ட ஆரம்பித்தாள். "அந்த டாக்டர் வாய் புழுத்துப்போகும். ஒரு குளிர்காலம்னு சொல்லி எம்பிள்ளையைத் திருடிட்டான்." ரோடாவின் கடையில், ரோடாவின் முகத்துக்கு நேராகத்தான் சொன்னாள். ரோடா சர்க்கரையை நிறுத்துக்கொண்டே கேட்டாள். ஊர் முழுக்க அதே பேச்சாயிற்று. மறு வருஷம் மருத்துவப் படகின் சத்தம் கேட்டதும் தாய்மார்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டார்கள்.

டைட்டஸ் இருமத் தொடங்கியது அந்த வருஷந்தான். கைக்குட்டையில் ரத்தம் வந்தது. படகு வந்தபோது ரோடா போய், "ஒரு தடவை படம் எடுத்துப் பாரேன்" என்றாள்.

"பொய் சொல்றவங்ககிட்ட உடம்பைக் காட்டச் சொல்றியா, அண்ணி?" என்றான் டைட்டஸ். கோபமே இல்லாமல் சொன்னான். "பிள்ளையைக் குடுத்தோம். அது போதும்."

அன்று சாயங்காலம் உண்மையைச் சொல்லிவிடுவதென்று ரோடா கிளம்பினாள். அவர்கள் வீட்டு வாசல்வரை போனாள். உள்ளே தபித்தா அவனுக்குக் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்கும் வாசனை வந்தது. ரோடா திரும்பிவிட்டாள். இன்னொரு நாளும் போனாள், இன்னொரு நாளும் திரும்பினாள். குளிர்காலம் பாதி போவதற்குள் டைட்டஸ் செத்துப்போனான். உறைந்த மண்ணில் நெருப்பு மூட்டி இளக்கி ஆண்கள் குழி தோண்டினார்கள். ரோடா அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். தபித்தா அவள் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள். அந்தத் தோளை வெட்டி எறியலாம்போல இருந்தது ரோடாவுக்கு.

ஐந்தாம் கோடையில் மைரா வந்தாள்.

படகில் வரவில்லை. மிதவை வைத்த தபால் விமானம் ஆற்றின்மேல் வந்து இறங்கியது. பதினொரு வயதுப் பெண், கறுப்பு ஷூ, சுருட்டிவிட்ட தலைமுடி, கொழுகொழு கன்னம். நோய் முழுக்க ஆறிவிட்டது என்றார் விமானக்காரர். கரையில் நின்ற கூட்டத்தை மைரா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தபித்தா கையை நீட்டிக்கொண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் யாரும் அழைக்காத பெயர், அம்மா வீட்டில் கூப்பிடும் பெயர். பெண்ணுக்கு அந்தப் பெயரும் மறந்திருந்தது, ஊர்மொழியும் மறந்திருந்தது. "பயப்படாதே மைரா" என்று ரோடா இங்கிலீஷில் சொன்னதுதான் தாமதம், மைரா ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதான் என் அம்மாவா?"

ரோடா சுட்டதுபோலக் கையை உதறினாள். "இல்ல, இல்ல. அதோ, அவங்கதான்."

தபித்தா வீட்டில் மூஸ் தலைச்சாறு கொதித்துக்கொண்டிருந்தது. மைரா அதைத் தொடவில்லை. ஷூவைக் கழற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நடுவில் ரோடா. தபித்தா கேட்ட சின்னச் சின்னக் கேள்விகளையெல்லாம் இங்கிலீஷில் சொன்னாள். தூங்கினாயா, பசிக்கிறதா, குளிருகிறதா. மைரா ஆம், இல்லை என்று தலையாட்டினாள். அப்புறம் திடீரென்று வாய் திறந்தாள்.

"என்னை எதுக்கு வேணாம்னு குடுத்தாங்கன்னு கேளுங்க."

"என்ன கேக்குறா?" என்றாள் தபித்தா ஆவலாக.

முள்ளை எடுத்துவிட்டுக் கொடுக்க ரோடாவுக்கு ஒரு நொடி போதும். 'உன்னை நெனச்சுக்கிட்டே இருந்தாளாம்' என்ற வாக்கியம் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. அதை விழுங்கினாள்.

"தன்னை நீ ஏன் வேணாம்னு குடுத்தேன்னு கேக்குறா."

தபித்தாவின் முகம் கோணிப்போயிற்று. "சொல்லுக்கா, நல்லாச் சொல்லு. வேணாம்னு குடுக்கல. ஒரே குளிர்காலம்னு அந்த டாக்டர் சொன்னான். பொய் சொன்னான். அதை நம்பிக் குடுத்தேன்னு சொல்லு."

ரோடா அதை இங்கிலீஷில் சொன்னாள், டாக்டர் பொய் சொன்னார் என்பதுவரை ஒரு சொல் விடாமல். பிறகு, "ஆனா டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை, மைரா. நான்தான் உன் அம்மாகிட்ட அப்படிச் சொன்னேன்" என்றாள்.

"என்னக்கா நீளமாச் சொல்றே? நான் அவ்வளவு சொல்லலையே?"

ரோடா தங்கையின் பக்கம் திரும்பினாள். "டாக்டர் நாலு வருஷம் ஆனாலும் ஆகும்னார். வராமலும் போகலாம்னார். ஒரு குளிர்காலம்னு சொன்னது நான். நீ இவளைத் தூக்கிட்டுக் காட்டுக்குள்ள போயிருவேன்னு பயந்தேன்."

அடுப்பில் சாறு பொங்கி வழிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"டைட்டஸ்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றாள் தபித்தா.

ரோடா எழுந்து கதவுப்பக்கம் போனாள்.

"எங்க போறே?" என்றாள் தபித்தா. "வெளியே போடின்னு சொல்ல வாய் வருது. நீ போயிட்டா இவகிட்ட யாரு பேசுவா? உக்காரு. எம்பேச்சுல உன் பங்குக்கு ஒரு வார்த்தை சேத்தேன்னா கொன்னுருவேன்."

ரோடா உட்கார்ந்தாள்.

அன்று முதல் தினமும் கடையைப் பூட்டிவிட்டு அந்த வீட்டுக்குப் போனாள். தபித்தா தன்னைப் பற்றித் திட்டியதையும் அப்படியே மைராவிடம் சொன்னாள். "எங்கம்மா உங்களைத் துரோகின்னு சொல்றாங்களா?" என்று மைரா கேட்டால், "ஆமா" என்றாள். அந்த இலையுதிர்காலத்தில் ஊரில் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, பொய் சொன்னது டாக்டர் இல்லை, தான்தான் என்று நின்றபடியே சொன்னாள். சிலர் கதவைச் சாத்தினார்கள். ஒரு கிழவர், "ரெண்டு நாக்குன்னு பேரு சும்மாவா வச்சோம்?" என்று சிரித்தார். அடுத்த கோடையில் தாய்மார்கள் பிள்ளைகளோடு படகுக்கு வந்தார்கள்.

"நீ அன்னைக்குப் பொய் சொல்லலைன்னா அந்தப் பிள்ளை உயிரோட இருந்திருக்காது" என்று ஒருவர் ஆறுதல் சொன்னார். அது உண்மைதான். ரோடாவும் எத்தனையோ தடவை தனக்கே அதைச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். டைட்டஸின் குழி வரைக்கும்தான் அந்தச் சமாதானம் வரும். அதற்கு அப்பால் வராது.

மைரா மெல்ல மெல்ல ஊர்மொழி பேசக் கற்றாள். ஒரு வசந்தத்தில் ரோடா போனபோது, உள்ளே அம்மாவும் மகளும் ஏதோ முயல் தோலுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மைராவின் இலக்கணம் தாறுமாறாக இருந்தது, ஆனால் சண்டை நன்றாகவே நடந்தது. தபித்தா வாசலைப் பார்த்தாள்.

"இனிமே வரவேண்டாம், ரோடா" என்றாள். அக்கா என்று கூப்பிடுவதை அவள் எப்போதோ விட்டிருந்தாள்.

அதன் பிறகு ரோடா மருத்துவப் படகில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்து, ஆற்றோர ஊர்களுக்கெல்லாம் போனாள். டாக்டர் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவிடுவாள். இரக்கமில்லாதவள் என்று பேரெடுத்தாள். சொல்லி முடித்த பிறகு அந்தத் தாயின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருப்பாள் என்பதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

தபித்தா அவள் வீட்டுப் படி ஏறவே இல்லை. ஆனால் சால்மன் வரும் காலத்தில் மைரா ஒரு கட்டுக் கருவாடு கொண்டுவந்து கொடுப்பாள்.

"அம்மா குடுத்தாங்க, பெரியம்மா."

"எதுனா சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லலை."

ரோடா கருவாட்டை வாங்கி உத்தரத்தில் தொங்கவிடுவாள். பெண்ணுக்கு டீ போடுவாள்.