பறக்கத், இரண்டு, மூன்று

1. பிரேம் முறிந்த காலை

இப்போது கல்முனையில் சைக்கிள் ரேஸ் ஓடும் பொடியன்மார் என்னை மூத்தவனாக மதித்து, "காக்கா, அந்தக் காலத்து ஓட்டத்தைப் பற்றி எழுதித் தாருங்கள்" என்று கேட்டார்கள். நான் ரேஸ்காரன் இல்லை. சைக்கிளில் மீன் விற்றவன். மிதிப்பது ஒன்றுதான், தொழில் வேறு.

விடியற்காலையில் கரைவலைக்காரரிடம் மீன் எடுத்துப் பெட்டியில் போட்டு, பின் கரியரில் கட்டுவேன். காரைதீவுச் சந்தியால் திரும்பிச் சம்மாந்துறைக்குப் போவேன். அங்கே விற்று முடியாவிட்டால் நாவிதன்வெளிப் பக்கம் இன்னொரு சுற்று. ஐஸ் போட வசதியில்லாத காலம். களைப்பாக இருக்கிறது, வீட்டுக்குப் போவோம் என்று மனிதன் நினைக்கலாம், மீன் நினைக்காது. வெயில் ஏற ஏறப் பதம் கெட்டுக்கொண்டே போகும்.

எண்பதாம் ஆண்டுப் பக்கம், நோன்பு தொடங்க முதல், சம்மாந்துறை வீதியில் என் சைக்கிளின் பிரேம் முறிந்தது. ஏற்கனவே வெல்டிங் வைத்த இடம். கீரி மீன் முழுக்க வீதியில் கொட்டுண்டது. வெல்டிங் கடைக்காரர் பார்த்துவிட்டு, இனி இதில் வைக்க இரும்பு இல்லை என்றார்.

வாடகைச் சைக்கிள் எடுக்கலாம்தானே என்பீர்கள். மீன்காரனுக்கு எந்தக் கடையிலும் வாடகைச் சைக்கிள் கொடுக்கமாட்டார்கள். நாற்றம் போகாது, உப்புத் தண்ணீர் வடிந்து துருப் பிடிக்கும். அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஆனால் சைக்கிள் இல்லாத மீன்காரன் என்ன செய்வான்? அந்த நோன்பு முழுக்க கரையில் வலை இழுக்கப் போனேன். வீட்டில் அடுப்பு எரிந்தது, அவ்வளவுதான்.

அப்போதுதான் பெருநாளுக்கு மறுநாள் சைக்கிள் ஓட்டம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். முதல் பரிசு புதுச் சைக்கிள். அதை வாசித்துவிட்டு நான் வேறு எதையும் வாசிக்கவில்லை.

2. மச்சானின் நிபந்தனை

என் மனைவியின் தம்பி ஜமால்தீன் ஒரு கந்தோரில் கிளார்க். தன் சைக்கிளை வெள்ளிக்கு வெள்ளி எண்ணெய் போட்டுத் துடைப்பவர். அவரிடம்தான் போய்க் கேட்டேன்.

"தாறன் மச்சான். ரேஸுக்கு மட்டும். மீன் ஏத்தப்படா."

"ரேஸில என்னத்துக்கு மீன் ஏத்துற?"

"நீங்க ஏத்துவீங்க. உங்கள எனக்குத் தெரியாதா?"

மட்கார்ட்டையும் கரியரையும் கழற்றினேன். அவர் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு நட்டையும் வாங்கித் துணியில் முடிந்து வைத்துக்கொண்டார்.

3. முப்பது சுற்று

சந்தை முன்னால் தொடங்கி, கடற்கரைக்கு இறங்கி, கரையோடு ஓடி, பள்ளிவாசல் பக்கத்து வீதியால் மேலேறி மறுபடி சந்தைக்கு வர வேண்டும். ஒரு சுற்று ஒரு மைலுக்குச் சற்று அதிகம். அப்படி முப்பது சுற்று.

தூர ஓட்டத்தில் வீதியாவது மாறும். சுற்று ஓட்டத்தில் எதுவும் மாறாது. அதே வளைவு, அதே சர்பத் கடை, அதே ஆள் அதே பகிடியைச் சொல்வார். ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்து, மறுபடி எழும்பி மிதிக்க வேண்டும். அந்த எழும்பி மிதிப்பதுதான் ஆளைத் தின்னும். கடற்கரை வளைவில் மணல் வேறு. தரையிலிருந்து கடலுக்குக் கச்சான் காற்று வீசும் மாதமாகையால், கடற்கரைக்கு இறங்கும்போது முதுகைத் தள்ளும் காற்று, மேலேறும்போது நெஞ்சில் கைவைத்து நிறுத்தும். ஒரு மாதம் நோன்பு பிடித்த உடம்பு. முந்தின நாள் பெருநாளுக்குத் தின்ற வட்டிலப்பமும் வயிற்றில் கிடந்து கதைத்தது.

பத்தாவது சுற்றுக்குள் பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள். இருபதுக்குப் பிறகு தொடை என்னுடையது போலவே இல்லை. அதைவிடப் பொல்லாதது மனம். "இறங்கு, யார் கேட்கப் போகிறார்கள்" என்று காதுக்குள்ளேயே கதைக்கும். நான் சுற்றை எண்ணவில்லை. எண்ணினால் மனம் விட்டுவிடும். இது சாய்ந்தமருது, இது காரைதீவுச் சந்தி, இது சம்மாந்துறை ஆலையடி என்று என் மீன் வழியையே ஓடினேன். எண்ணிக்கைக்குத்தான் மைக் இருந்ததே.

மைக்கில் இருந்தவர் ஆதம்பாவா காக்கா. சம்மாந்துறை அரிசி ஆலையில் நெல் மூட்டை எண்ணுபவர், என் வாடிக்கைக்காரர். அந்தக் குரலுக்காகவே கூட்டி வந்திருந்தார்கள். சந்தை முன்னால் போட்ட கோட்டை விட்டு நாங்கள் கிளம்பியதும் அவர் "பறக்கத்" என்றார். எங்கள் பக்கம் நெல் அளந்தாலும் மீன் எண்ணினாலும் முதலாவதை ஒன்று என்று சொல்வதில்லை, இறைவன் பெருக்கம் தரட்டும் என்று பறக்கத் என்பதுதான் வழக்கம். பிறகு கோட்டைத் தாண்டத் தாண்ட இரண்டு, மூன்று. யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை.

கடைசியில் முன்னுக்கு மிஞ்சியது நானும் ஓர் அக்கரைப்பற்றுப் பொடியனும். அவனுக்கு வளைந்த ஹேண்டில் வைத்த ரேஸ் சைக்கிள். மச்சான் குறுக்கால் ஓடி ஓடி ஒவ்வொரு வளைவிலும் வந்து நின்றார். "பிரேக்க மெல்லப் புடிங்க, ரிம் தேயும்" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறொன்றும் வரவில்லை.

சந்தை வளைவில் திரும்பிக் கோட்டை நெருங்கும்போது, "முப்பது! இதோட சரி!" என்று மைக் அலறியது. இருந்ததையெல்லாம் போட்டு மிதித்தேன். ஒரு சைக்கிள் சில்லு அளவு முன்னால் கோட்டைத் தாண்டி இரண்டு கையையும் தூக்கினேன். சைக்கிள் கிடைத்துவிட்டது என்று நெஞ்சு நிறைந்தது.

4. இன்னும் ஒன்று

நடுவராக இருந்த காரைதீவு மாஸ்டர் மேசையில் சுற்றுக்கு ஒரு கோடு போட்டுத் தனியாக எண்ணிக்கொண்டிருந்தார். அவர் எழும்பி வீதிக்கு ஓடி வந்தார்.

"நில்லாதீங்க! இன்னும் ஒரு சுத்து கிடக்கு!"

அக்கரைப்பற்றுப் பொடியன் காலை ஊன்றி இறங்கிவிட்டான். "மைக்கில முப்பதெண்டு செல்லிட்டாரே!" என்று சண்டை பிடித்தான். எனக்கு ஆத்திரத்தில் கண்ணீரே வந்துவிட்டது. ஆனால் நான் இறங்கவில்லை. பாரம் மிதித்துக்கொண்டு போய் உடனே இறங்கினால் கால் பூட்டிக்கொள்ளும், கொஞ்சத் தூரம் சும்மா உருட்ட வேண்டும். மீன்காரருக்கு அது பழக்கம். அப்படி உருட்டிக்கொண்டிருந்த எனக்கு மாஸ்டரின் குரல் பின்னாலிருந்து கேட்டது. மீன் மிஞ்சிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மிஞ்சினால் நாவிதன்வெளி. வேறு என்ன செய்வது, மிதித்தேன்.

எனக்குப் பின்னால் கோட்டடியில் நடந்த வாக்குவாதத்தை மச்சான் பிறகு சொன்னார். "பறக்கத் எண்டா ஒண்டுதானே? அத எண்ணாம உடுறதா?" என்று ஆதம்பாவா காக்கா கேட்டாராம். கூட்டத்தில் பாதிப் பேர் அவர் பக்கம். மாஸ்டர் கோபப்படாமல், "காக்கா, மூட்டை லொறியில ஏறினாப் பிறகுதானே எண்ணுவீங்க? இவங்க ஒரு சுத்தும் ஓட முதலே எண்ணிப்போட்டீங்க" என்றாராம். காக்கா மைக்கைக் கீழே வைத்துவிட்டார்.

அதற்குள் நான் போவதைக் கண்ட பொடியன் பாய்ந்து ஏறித் துரத்தினான். கரையோடு ஓடும்போதே என் பின்சில்லுக்கு வந்துவிட்டான். கச்சானுக்கு எதிராக நான் மிதிக்க, அவன் என் முதுகில் ஒதுங்கி வந்தான். திரும்பிப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. சந்தை வளைவில் அவன் எழும்பி மிதித்தான். எழும்பிய உடனேயே "உம்மா" என்று கத்தினான். இறங்கி நின்ற கால், கெண்டைச் சதை பிடித்துக்கொண்டது.

நான் நடக்கிற வேகத்தில்தான் கோட்டைத் தாண்டினேன். இந்த முறை கையைத் தூக்கவில்லை. நிறுத்தவும் இல்லை. மச்சான் குறுக்கே வந்து ஹேண்டிலைப் பிடித்தார்.

"முடிஞ்சிட்டு மச்சான், இறங்குங்க."

"மாஸ்டர் செல்லட்டும்."

"ஓம் தம்பி, முடிஞ்சுது" என்றார் மாஸ்டர். பிறகுதான் இறங்கினேன். என்னைப் பிடித்துக்கொண்டவர்கள் வேறு ஆட்கள். மச்சான் ரிம்மைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

5. ஆலையடியில்

அடுத்த நாள் விடிய, புதுச் சைக்கிளில் கரியர் பூட்டி, பெட்டி கட்டிச் சம்மாந்துறைக்குப் போனேன். தொடை இரண்டும் அழுதன. ஆலையடியில் ஆதம்பாவா காக்கா நின்றார். நேற்றைய வெட்கம் முகத்தில் இருந்தது. "கீரி தா" என்று கையை நீட்டினார். முதல் மீனைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டே வழக்கம்போல "பறக்கத்" என்றேன்.

"பொறு மனே" என்றார். "கையில வந்தாப் பிறகு செல்லு."

தம்பிமாரே, நான் உங்களுக்குச் சொல்ல இருப்பதும் அதுதான். அன்று முந்தி எண்ணியவர் காக்கா மட்டுமில்லை, கோட்டில் கையைத் தூக்கிய நானும்தான். கோடு தாண்டினாலும் இறங்கிவிடாதீர்கள், கொஞ்சம் உருட்டுங்கள். இன்னும் ஒரு சுற்று இருக்கலாம்.