ஐந்து கிலோவுக்குள் ஒரு மிலிட்டரிப் பை

நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்குத் திரும்பிய நாளிலிருந்து எனக்கு ஒரே ஆசைதான் இருந்தது. ஒரு நாள், ஒரே ஒரு பகல், யாரும் என்னைப் பார்க்காத இடத்தில் நான் தனியாக இருக்க வேண்டும். ராஜபாளையத்தில் அது நடக்கிற காரியமில்லை. வாசலில் கால் வைத்தால் எதிர்வீட்டுக்காரர், "நெஞ்சு எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்பார், ஏதோ நெஞ்சு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் விருந்தாளி போல. உள்ளே வந்தால் என் மனைவி. நான் தும்மினால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவாள். குளியலறைக்குத் தாழ்ப்பாள் போடக் கூடாது என்பது அவள் உத்தரவு. இரண்டு மாதம் தாழ்ப்பாள் இல்லாமல் குளித்துப் பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

"நல்லா நடங்க" என்று டாக்டர் சொன்னதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சனிக்கிழமை தோறும் மலையடிவாரக் காட்டில் உள்ள செண்பகத்தோப்புக்குப் போய், ஓடையோரம் நடந்துவிட்டு, மாலையில் திரும்பிவிடுவது என்று திட்டம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் இருப்பதால் சனிதான் தோது. அதற்கு ஒரு பை வேண்டும். வீட்டில் பைக்கா பஞ்சம்? ஜவுளிக்கடைப் பை, நகைக்கடைப் பை, யாரோ கல்யாணத்தில் தேங்காய் போட்டுக் கொடுத்த பை என்று கதவுக்குப் பின்னால் ஒரே ஆணியில் ஒரு குடும்பமே தொங்குகிறது. அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனால் காட்டுக்குப் போகிறவன் என்று எவன் நம்புவான்? இவன் ஆஸ்பத்திரிக்கு மறுபடியும் போகிறான் என்றுதான் நினைப்பான்.

எனக்கு வேண்டியது பழைய மாடல் மிலிட்டரிப் பை. தடித்த பச்சை கான்வாஸ், அகல நாடா, பித்தளை பக்கிள். அதை முதுகில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நடப்பவனிடம் யாரும் நெஞ்சைப் பற்றி விசாரிக்கமாட்டார்கள் என்பது என் கணக்கு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் பக்கத்துத் தெருவில் பழைய மிலிட்டரி சாமான் விற்கிற கடை ஒன்று உண்டு. "நானும் வாரேன்" என்றாள் மனைவி. சும்மா வரவில்லை. பைக்குள் என்னென்ன போக வேண்டுமோ அத்தனையையும் ஒரு கட்டைப்பையில் திணித்து எடுத்து வந்தாள். தயிர்சாதம் நிரப்பிய மூன்றடுக்கு டிபன் கேரியர், வெந்நீர் பிளாஸ்க், மாத்திரை டப்பா, குடை, விரிக்க ஒரு போர்வை, எல்லாவற்றுக்கும் மேலாக என் ஆஸ்பத்திரி பைல். வைத்துப் பார்க்காமல் பை வாங்கக் கூடாதாம்.

கடைக்காரர் சிரிப்பு என்பதையே அறியாதவர். "எங்க போறதுக்கு?" என்றார்.

"காட்டுக்கு."

"செண்பகத்தோப்பா, அய்யனார் கோயிலா?"

"ரெண்டுக்கும்தான்."

"அப்ப ஜிப்பு வச்ச பை ஆகாது. அங்க உள்ள கொரங்குக்கு ஜிப்பு தெறக்கத் தெரியும். பக்கிள் இன்னும் படிக்கல."

மூன்று பைகளை எடுத்துப் போட்டார். ஒன்றில் மண்ணெண்ணெய் வாடை. இன்னொன்றின் அடியில் ஒட்டுப்போட்டிருந்தது, அந்த ஓட்டை எப்படி வந்திருக்கும் என்று யோசித்ததுமே அதை ஓரமாகத் தள்ளி வைத்தேன். மூன்றாவது பையைப் பார்த்ததும் மனது அதில் விழுந்துவிட்டது. தொட்டால் முரட்டுத்தனம், முகர்ந்தால் அந்துருண்டை. முதுகில் மாட்டப் போன என் கையைத் தட்டிவிட்டு மனைவி கேட்டாள்.

"இது எடை எம்புட்டு?"

"மிலிட்டரி சாமான எடை பாத்து யாரும் வாங்குறதில்லக்கா."

"டாக்டர் அஞ்சு கிலோவுக்கு மேல தூக்கக் கூடாதுன்னுட்டாரு."

பக்கத்துக் கடை பழைய இரும்புக்கடை. அங்கே பெரிய எலக்ட்ரானிக் தராசு கிடந்தது. என் பையைக் கொண்டுபோய் அதில் உட்காரவைத்தார்கள். வெறும் பையே டாக்டர் கொடுத்த அளவில் முக்கால்வாசியைத் தின்றுவிட்டது. கொண்டுவந்த சாமானை எல்லாம் உள்ளே வைத்ததும் எண்கள் எங்கேயோ போய் நின்றன. இரும்புக்கடைக்காரர் பழக்கதோஷத்தில் துண்டுச்சீட்டை எடுத்து எடையைக் குறித்துக்கொண்டார்.

பிறகு ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்கள். குடையை எடுத்தால் மழை வந்துவிடும். சாப்பாட்டை எடுத்தால் மாத்திரை போட முடியாது, அது சாப்பிட்ட பிறகு போடுகிற மாத்திரை. தண்ணீரை எடுத்தால் மாத்திரை உள்ளே போகாது. பைலை எடுக்கலாமே என்றேன். "மயங்கி விழுந்தா அங்க உள்ள ஆளுகளுக்கு என்னத்தக் காட்டுறது?" என்றாள். காட்டில் என் எக்ஸ்ரேயை யார் தூக்கிப் பார்ப்பார்கள் என்ற கேள்வி வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். இரும்புக்கடைக்காரர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "அண்ணாச்சி, இதுல பாரமே பைதான். பைய விட்டுட்டுப் போயிட்டீகன்னா எல்லாம் சரியாப் போகும்" என்றார். கிண்டல் இல்லை, மனப்பூர்வமாகத்தான் சொன்னார். கடைசியில் பையும் பைலும் மாத்திரையும் மட்டும் வைத்தால் எடை ஐந்துக்குள் அடங்கியது. அதாவது நான் என் வியாதியைச் சுமந்துகொண்டு பட்டினியாகக் காட்டுக்குப் போகலாம்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "எல்லாத்தையும் உள்ள வைங்க, நான் தூக்கிக் காட்டுறேன்" என்றேன். மாட்டினார்கள். ஆச்சரியம், பஞ்சு மாதிரி இருந்தது.

"பாரமே தெரியலயே" என்றேன் பெருமையாக.

"நாங்க பிடிச்சிருக்கோம்ல" என்றார் கடைக்காரர். திரும்பிப் பார்த்தேன். இரண்டு கடைக்காரர்களும் என் மனைவியும் பைக்கு அடியில் கை கொடுத்து நின்றார்கள். விடுங்கள் என்றால் மூன்று பேரில் ஒருவரும் விடவில்லை.

"செத்த இங்க குடுங்க" என்று மனைவி பையை வாங்கினாள். முந்தானையை இடுப்பில் செருகினாள், நாடாவுக்குள் கைகளை நுழைத்து இரண்டு இழுப்பு இழுத்து இறுக்கினாள். பை அவள் முதுகில் அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்துகொண்டது. "நடந்து பாத்துட்டு வாரேன்" என்று கிளம்பினாள். தேர் வரைக்கும் போய்த் திரும்புவாள் என்று நினைத்தோம். தெருமுனையில் திரும்பினாள், ஆளைக் காணோம்.

டீ வந்தது, குடித்தோம். கடைக்காரர் இரண்டு தடவை எழுந்து தெருவைப் பார்த்தார். "பைக்கு இன்னும் ரூவா குடுக்கல" என்றார் தயங்கித் தயங்கி. என் சாப்பாடும் மாத்திரையும் என் நெஞ்சின் படமும் அதற்குள்தான் இருக்கின்றன என்று நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன்.

நான்கு ரத வீதியையும் சுற்றிவிட்டு, எதிர்த்திசையிலிருந்து வந்தாள். முகமெல்லாம் வேர்வை. வழியில் பூக்காரம்மா நிறுத்தி, "மிலிட்டரில இருந்தீகளாக்கா?" என்று கேட்டாளாம். இவள் ஆமாம் என்றாளாம்.

"நீ ஆமான்னு சொன்னியா?" என்றேன். முப்பது வருடத்தில் அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை.

"காஷ்மீர்னு சொன்னேன். மிலிட்டரி கேன்டீன்ல ஒரு குக்கர் வாங்கித் தர முடியுமான்னு கேட்டா. பாக்கலாம்னு சொல்லிருக்கேன்." அதைச் சொல்லிவிட்டு இடுப்பிலிருந்து பர்ஸை எடுத்துக் கடைக்காரரிடம் பணத்தை நீட்டினாள். பையைக் கழற்றவில்லை.

அப்படித்தான் பை அவளுக்கு என்று முடிவானது. அவள் சுமப்பாள், நான் கூடவே நடப்பேன். என் தனிமை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் செத்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். உடனே நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டாள்.

சனிக்கிழமை செண்பகத்தோப்புச் செக்போஸ்ட்டில் காவலர் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. அவளைப் பார்த்து எழுந்து நின்றார். "எக்ஸ் சர்வீஸாக்கா?" என்றார். தலையை மட்டும் ஆட்டினாள். "கூட வாரவரு?"

"தெரிஞ்சவருதான்" என்றாள். "கொஞ்சம் சொகமில்லாதவரு."

ஓடைப் பாதையில் அவள் முன்னால் போனாள். பக்கிள் கிணுகிணுக்கிற சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது, ஒரு திருப்பத்துக்குப் பிறகு அதுவும் நின்றுவிட்டது. மூச்சு வாங்க ஒரு பாறையில் உட்கார்ந்தேன். சுற்றிப் பார்த்தேன். ஒரு மனிதர்கூட இல்லை. கேட்டது கிடைத்துவிட்டது. எவ்வளவு நேரம் அதை அனுபவித்தேன் என்று நினைக்கிறீர்கள்? ஒரு பீடி குடிக்கிற நேரம்கூட இல்லை. மாத்திரை அவளிடம், தண்ணீர் அவளிடம், டாக்டர் நம்பர் எழுதிய பைலும் அவளிடம். நெஞ்சு எப்படி இருக்கிறது என்று கேட்க ஆளில்லாததால் நானே கேட்டுக்கொண்டேன். பதில் சரியில்லாத மாதிரி இருந்தது. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பிறகு கத்தினேன். பயம் வந்துவிட்டது, வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை, நல்ல பயம். எழுந்து கல்லிலும் வேரிலும் தடுக்கிக்கொண்டு ஓடாத குறையாகப் போனேன்.

ஓடையில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டிபன் கேரியர் திறந்திருந்தது. மேலடுக்கு காலி. நான் சாப்பிடுவதற்கு முந்தி அவள் சாப்பிட்டு நான் பார்த்ததே கிடையாது.

"கூப்பிட்டது கேக்கலயா?" என்றேன்.

"கேட்டுச்சு."

"பொறவு?"

அவள் திரும்பவில்லை. தண்ணீரைப் பார்த்தபடியே பேசினாள். "சத்தம் நல்லாக் கணீர்னு வந்துச்சு. ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. அன்னைக்கு நீங்க மேலெல்லாம் வேர்த்து விழுந்ததுல இருந்து ஒரு நா தூங்கல நானு. மூச்சு வருதா வருதான்னு பாத்துக்கிட்டே கெடந்தேன். இங்கன ஒரு நாளாவது யாரையும் பாக்காம இருந்துட்டு வரணும்னு இருக்கு. எந்திரிச்சுப் போங்க, கொஞ்சம் தள்ளி இருங்க."

மாத்திரை டப்பாவையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டேன். அவள் கண்ணில் படாத தூரத்தில், ஒரு மரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். வெயில் இறங்கும்வரை அவளைக் கூப்பிடவில்லை.